மாடியில் இருபது அடி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. மாமியாருக்கு இடுப்பு எலும்பு கூடிவருகிறது என்று படித்து நிம்மதியடைந்தேன். ஆனால், உட்கார்ந்து தியானம் செய்யப் பத்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் தூங்கிவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. சென்ற மார்ச்சில் வங்கியின் ஆண்டுக் கணக்கு முடிப்பின்போது நானும் அப்படித்தான் இருந்தேன். அப்போது எனக்குக் கைகொடுத்த நடைத் தியானத்தை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் இடையே இருபது அடி இருக்கும். இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டு, அந்த இருபது அடியில் வெறுங்காலுடன் மெதுவாகப் போய்த் திரும்புகிறேன். குதிகால் எழுவது, பாதம் முன்னே செல்வது, மறுபடி தரையில் பதிவது ஆகிய மூன்றையும் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பகல் வெயிலை வாங்கிய தளம் ஒன்பது மணிக்கும் உள்ளங்காலில் இளஞ்சூடாக இருக்கும். தொட்டியருகே நீர் கசியும் இடத்தில் சட்டென்று குளிரும். அந்தக் குளிரை உணராமலே கடந்துவிட்டேன் என்றால், மனம் மறுநாள் வேலைக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொள்வேன். அதற்காக வருந்தாமல் அடுத்த அடியிலிருந்து தொடங்கினால் போதும். முதல் வாரத்தில் ஒரு நடைக்கு நான்கைந்து முறை இப்படித் தொடங்க வேண்டியிருந்தது. இன்றும் சில இரவுகளில் அப்படித்தான்.

இது பழைய வழி. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதைச் 'சங்கம' (caṅkama) என்பார்கள். புத்தகயாவில் மகாபோதி கோயிலின் வடபுறம், ஞானம் பெற்ற பின் புத்தர் உலாவிய இடம் என்று தாமரைகள் செதுக்கிய கல்மேடை ஒன்றைக் காட்டுகிறார்கள். நெடுவழி நடக்கும் வலிமை, முயற்சியில் உறுதி, நோயின்மை, உண்டது செரித்தல், கூடிய மன ஒருமை நெடுநேரம் நிலைத்தல் என்று நடையின் ஐந்து பயன்களைப் புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. பர்மாவின் பௌத்தத் துறவியும் தியான ஆசிரியருமான மகாசி சயாடோ (1904–1982) வகுத்த முறைப்படி நடத்தப்படும் பயிற்சி முகாம்களில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் நடக்கிறார்கள்; நடப்பது அங்கே இளைப்பாறல் அன்று, பயிற்சியில் சரிபாதி.

ஆனால் எனக்கு நினைவில் வருவது என் அம்மாதான். தம்பிக்குக் காய்ச்சல் விடாதிருந்த ஒரு மாதம், வெள்ளிதோறும் அம்மன் கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்தாள். ஒரு காலின் விரல் நுனியை மறுகாலின் குதிகால் தொட, எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்தளத்தில் அவள் ஒரு சுற்று வருவதற்குள் நான் மூன்று சுற்று ஓடிவிடுவேன். அவள் வேண்டுதலுக்காக நடந்தாள். நான் எதையும் வேண்டி நடக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. என்றாலும், அத்தனை வேலைகளுக்கு நடுவே கவலையைப் பாதத்தில் இறக்கிவைக்க அவளுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது என்று இப்போது நம்புகிறேன்.

நீ இதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டாம். ஆசிரியர் அறையிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் தாழ்வாரத்தில் நாள்தோறும் எப்படியும் நடக்கிறாய். அந்த ஒரு நடையை மட்டும் எடுத்துக்கொள். அங்கே மெதுவாக நடக்க முடியாது, தேவையும் இல்லை. இடது, வலது என்று பாதம் பதிவதை மட்டும் அறிந்தபடி உன் வழக்கமான வேகத்திலேயே போ. பிள்ளைகள் வணக்கம் சொன்னால் நின்று பதில் சொல்லிவிட்டுத் தொடரலாம். வண்டிகள் ஓடும் சாலையில் மட்டும் இதைச் செய்யாதே. அங்கே கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும்.

பத்து நாள் செய்து பார்த்துவிட்டு எழுது. அந்தத் தாழ்வாரத்தில் எந்த இடத்தில் மனம் நழுவுகிறது என்பதையும் சொல். எனக்கு இன்னமும் துணிக்கம்பியருகே திரும்பும்போதுதான் நழுவுகிறது.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழி