தூக்குவாளிக்கு உரியவர் வரவும்

எல்லோருக்கும் வணக்கம்.

மாசிக் கடைசியில் தொடங்கி பங்குனி பாதி வரைக்கும், 24 நாள், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பச்சைக் குட்டியானை பக்கக் கதவைத் தூக்கி நிறுத்திக்கொண்டு, "காசு வேண்டாம், சாப்பிட்டுப் பாருங்க" என்று மைக்கில் கத்திக்கொண்டு நின்றதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் வண்டிதான். சமையலுக்குச் சித்தி, ஸ்டியரிங்குக்கு மச்சினன், தொண்டை வறளக் கத்துவதற்கு நான். வீடு திரும்பி ஒரு வாரம் தூங்கி எழுந்தாயிற்று. உதவியவர்களில் பாதிப் பேருடைய பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதனால் பொதுவில் எழுதுகிறேன். கண்ணில் பட்டால், இது உங்களுக்குத்தான்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்களுக்கு டி.கல்லுப்பட்டிப் பக்கம். கரிசல் காடு, வானம் பார்த்த வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசி மழைக்குக் குதிரைவாலி என்கிற சிறுதானியத்தை விதைத்தால் மூன்று மாதத்தில் அறுத்துவிடலாம். உறவுக்காரர்கள் நாலு வீடு சேர்ந்து உமி நீக்கும் மெஷின் ஒன்று போட்டோம். 2023-ஐ ஐ.நா. சபை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததால் அந்த வருஷம் பேச்சு பலமாக இருந்தது. ஆண்டு முடிந்தது, பேச்சும் ஓய்ந்தது, மூட்டை மட்டும் எங்களிடம் நின்றது. கீழமாசி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "கேட்டு வாங்க ஆள் வரட்டும் தம்பி, அப்புறம் சரக்கு இறக்கு" என்றார்கள். அதுவும் நியாயம்தான். சரி, ஆளைத் தேடி நாமே போவோம் என்று கிளம்பியதுதான் இந்தப் பயணம்.

தீட்டாத அரிசிக்காக வாதாடிய ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது எங்கள் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில். அதை வண்டியில் எழுதலாமா என்று கேட்டேன். "முதல்ல வண்டிப் பேரை ஒழுங்கா எழுதப் பாருங்க மாமா" என்றான் மச்சினன். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தவர்கள் ஆறடி நீளத்துக்கு 'குதிரைவால் பொங்கல்' என்று அடித்துவிட்டார்கள். நாங்களும் கவனிக்காமல் ஒட்டிவிட்டோம். முதல் இரண்டு நாளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நின்று, "அண்ணே, வாலை மட்டும் எப்படிண்ணே வெட்டுவீங்க?" என்று கேட்டே உயிரை எடுத்துவிட்டார்கள்.

அதைச் சரிசெய்தவர் திருமங்கலத்தில் ஒரு போர்டு எழுதும் அண்ணன். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு விடியற்காலையிலேயே போயிருந்தோம். (போன காரியம் உருப்படவில்லை. வண்டி ஓரத்தில் கட்டி வைத்திருந்த கறிவேப்பிலையை ஒரு வெள்ளாடு முழுசாக முடித்துவிட்டது. பொங்கலும் அன்றைக்குத் தாளிப்பு இல்லாமல்தான்.) டீ குடித்துக்கொண்டிருந்த அந்த அண்ணன் வண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தன் எக்ஸெல் வண்டியிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்து வந்தார். 'ல்' மேலிருந்த புள்ளியைப் பச்சை பெயின்டால் ஒரே தொடுதலில் மறைத்தார். அது காயும்வரை பீடி பிடித்தார். பிறகு வெள்ளையில் பிரஷை முக்கி, நுனியை டப்பா விளிம்பில் ஒருதரம் வழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கொக்கி இழுத்தார். வால் வாலியாயிற்று. ஸ்டிக்கரில் எது மெஷின் எழுத்து, எது அவர் கை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. காசு நீட்டினேன், வாங்கவில்லை. பேரனுக்கென்று இரண்டு தொன்னை பொங்கல் மட்டும் வாங்கிக்கொண்டார். அண்ணே, அந்தப் பொங்கல் நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைத் தின்ற உங்கள் பேரனுக்கும் நன்றி.

பொங்கலுக்கு வருகிறேன். சேடபட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர், புளியமரத்தடி. ஒரு பாட்டி வந்தார். தொன்னையை வாங்கவே இல்லை. நேரே பின்பக்கம் போய் தேக்சா மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பசையக் காய்ச்சி வச்சுக்கிட்டு என்னத்தப்பா ஒட்டப் போறீக?"

மச்சினன் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. சித்திக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் பாட்டி அதோடு போகவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். ஒரு படி குதிரைவாலியைக் கேட்டு வாங்கி, மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, அடியில் தங்கும் கல்லை அரித்து ஒதுக்கி, அரைமணி நேரம் ஊறவைத்தார். "ஊறினதுக்கு ரெண்டு பங்கு தண்ணி போதும், மூணு விட்டா கூழுதான்" என்றார். உலை கொதித்ததும் போட்டு ஒரே கிளறு. தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து மூடினார். அப்புறம் எங்கள் சித்தியைப் பார்த்து, "ஆத்தா, இனிமே கரண்டிய எங்கயாச்சும் ஒளிச்சு வையி" என்றார். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், மல்லிகை மொட்டை உதிர்த்த மாதிரி கிடந்தது. இத்தனைக்கும் அதே அரிசி, அதே அடுப்பு. எட்டு நாளாக எங்கள் சமையலைத் தின்ற ஊர்க்காரர்களிடம் இந்த இடத்தில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பாட்டி சொன்ன இன்னொன்றுதான் எங்கள் வியாபாரத்தையே மாற்றியது. நான் மைக்கில் நார்ச்சத்து, இரும்புச்சத்து என்று முழங்கிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றார். அவர் வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் விடியுமுன்னே உரலில் போட்டால் வெயில் ஏறும்வரை இடிக்க வேண்டுமாம். குதிரைவாலி உமி லேசில் போகாது. இடித்து, புடைத்து, மறுபடியும் இடித்து, அப்புறம்தான் ஒருவேளைச் சோற்றுக்குத் தேறும். "ரேஷன் அரிசிக்கு ருசிக்கா போனோம்? கையி வலிக்குதுன்னு போனோம்." 2011-இல் அந்த அரிசி இலவசமான பிறகு எங்கள் ஊர் உரல்களெல்லாம் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததைப் பார்த்தவன்தான் நான். ஆனால் இப்படி யோசித்ததே இல்லை. மறுநாளிலிருந்து மைக்கில் சத்து போயிற்று. "இடிக்க வேண்டாம், புடைக்க வேண்டாம், உமி எடுத்தது" என்று மட்டும் சொன்னேன். வயசான அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அரைக்கிலோ பாக்கெட் போக ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை நடைக்கு வந்த ஒரு டாக்டர் அம்மாவுக்கும் பெரிய நன்றி. எங்கள் நோட்டீஸில் 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று இருந்தது. எங்கிருந்தோ பார்த்து எழுதினது. அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "அரிசிக்குப் பதிலா அளவோட சாப்பிடச் சொல்லுங்க. இதுவும் மாவுச்சத்துதான். இதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினா அந்தப் பாவம் உங்களுக்கு" என்றார். அன்று மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்து மிச்சமிருந்த நோட்டீஸ் அத்தனையிலும் ஸ்கெட்ச் பேனாவால் அந்த வரியை அடித்தோம். விரல் கறுத்துப்போனது.

மேலூரில் ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி பாக்கெட்டைப் பிரித்து மாவை மோந்து பார்த்து, "சிக்கு வாடை அடிக்குதே" என்றார். தவிடு போகாத மாவு வெயிலில் சீக்கிரம் அப்படித்தான் ஆகும். தார்ப்பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியது எங்கள் புத்தி. 40 கிலோ மாட்டுக்குப் போயிற்று. மிச்சத்தைத் தன் குடோனில் வைத்துக்கொள்ளச் சொல்லி, நாலு நாளும் சாவியை எங்களிடமே கொடுத்துவிட்டார். ஒத்தக்கடையில் கரண்ட் கொடுத்த டீக்கடை, உசிலம்பட்டி ரோட்டில் கிளட்ச் கேபிள் அறுந்த ராத்திரியில் பதினொரு மணிக்கு டார்ச்சோடு வந்து கேபிள் விலை மட்டும் வாங்கிப் போன மெக்கானிக், சோழவந்தானில் குளிக்கக் கிணற்றடியைக் காட்டியவர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒரு ஊரில் விரட்டினார்கள். ஊர்ப்பெயர் வேண்டாம். குறுக்கே நிறுத்தியது எங்கள் தப்பும்தான்.

மதுரை டவுனுக்குள் ராத்திரி வண்டி போட்டது சுத்த முட்டாள்தனம். கறிதோசை வாசனை வரும் தெருவில் நின்று குதிரைவாலியை நீட்டுகிறவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் பார்த்தது. பக்கத்தில் நின்ற பருத்திப்பால் வண்டிக்காரர்தான் இரக்கப்பட்டு, "இதுக்குக் காலையில வாங்க, மோர் ஊத்திக் கரைச்சுக் கொடுங்க, வெயிலுக்கு வாங்குவான்" என்றார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் பானை காலி. சின்ன வெங்காயமும் அவர் கொடுத்ததுதான்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: டீசலும் மூன்று சிலிண்டரும் போகக் கையில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. கீழமாசி வீதியில் இரண்டு கடை மட்டும் இப்போது மாதம் ஒரு மூட்டை கேட்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். சேடபட்டிப் பக்கம் அந்தப் புளியமரத்தடியில், பாட்டி சமைத்த சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள யாரோ கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தீர்கள். மழை தூறியதால் அவசரமாகக் கிளம்பி, தூக்குவாளியோடு வந்துவிட்டோம். எவர்சில்வர், இரண்டு லிட்டர் பிடிக்கும், பிடி ஒரு பக்கம் ஆடுகிறது. மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது. தேய்ந்துபோய் 'ம்மாள்' மட்டும்தான் தெரிகிறது. சேடபட்டிப் பக்கம் 'ம்மாள்' என்று முடியாத பெயரைத்தான் தேட வேண்டும், அதனால் அதை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. சித்தி புளி போட்டு விளக்கி, இரண்டு கிலோ குதிரைவாலியை நிரப்பி வைத்திருக்கிறார். சந்தைக்குக் கல்லுப்பட்டி வருகிறவர்கள் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாசியில் அதே மரத்தடியில் மூடியைத் தட்டிக்கொண்டு நிற்போம்.

இப்படிக்கு,
பச்சை வண்டிக்காரர்கள் மூவர்,
டி.கல்லுப்பட்டி