படிக்கட்டுல உக்காந்து கேட்டவங்க எல்லாருக்கும்

திருவொத்தியூர்ல நம்ம பிளாக்ல இருக்குற எல்லாருக்கும், ரெண்டாவது மாடி ஃபிடில் பையனோட அம்மா எழுதுறேன். வீடு வீடா வந்து நன்றி சொல்லணும்னு தான் நெனச்சேன், ஆனா மீன்கார ஆயா வீட்டுக்குப் போனா சாப்டாம வுடமாட்டாங்க, அப்புறம் மத்த வீட்டுக்கு எங்க போறது, அதான் இங்கயே எழுதிட்றேன்.

போன வருஷம் ஒரு மேடையில மூணாவது வரி மறந்துபோய் அழுதுட்டே எறங்குனான் இல்ல, அதுலேருந்து ஃபிடில் பொட்டியையே தொறக்கல. தப்பு எம்மேல தான், எந்நேரமும் "பயப்படாத, பயப்படாத"ன்னு சொல்லிக்கினே இருந்தேன், சொல்லச் சொல்ல அவனுக்கு கை ஜில்லுன்னு ஆயி வேர்த்து வில்லு நடுங்கி, கதவு கீலு கத்துறாப்பல ஒரு சத்தம் வரும்.

மொத நன்றி டீச்சருக்கு. தைரியம் கியிரியம்னு அவங்க ஒரு வார்த்தை பேசல. "உன் பக்கத்து ஊரு மணலி தானடா, பெரிய பெரிய கர்நாடகப் பாட்டெல்லாம் எழுதுன முத்துசுவாமி தீட்சிதர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரை மணலி முதலியார் தான் வெள்ளக்காரர்கிட்ட ஃபிடில் கத்துக்க வெச்சாரு, 200 வருஷம் முன்னாடி நம்ம பாட்டுக்குள்ள ஃபிடில் வந்ததே இந்தப் பக்கத்துலேருந்து தான்"னாங்க. அன்னிக்கு ராத்திரியே பொட்டி தொறந்துச்சு! அப்புறம் மோகன ராக கீதத்தை, அதான் புதுசா கத்துக்குறவங்க வாசிக்கிற சின்னப் பாட்டு, மொதல்லேருந்து வாசிக்கவே வுடல, மூணாவது வரி, கடைசி வரி, ரெண்டாவதுன்னு எங்க கேக்குறாங்களோ அங்கேருந்து எடுக்கணும். மறந்தா நிறுத்து, தாளத்தை வுடாத, அடுத்த வரி ஆரம்பிக்கிற எடத்துல சேந்துக்கோ, அவ்ளோ தான்.

ஆனா ஆள் முன்னாடி வாசிக்கிற பயத்தை எடுத்தது நீங்க தான். தெனம் 6 மணிக்கு படிக்கட்டுல உக்கார வெச்சது மேல்வீட்டு அக்கா ஐடியா. ஆட்டோ அண்ணா வேணும்னே ஹாரன் அடிப்பாரு, அயன்கடை அண்ணா நடுவுல போன்ல சத்தமா பேசுவாரு, பசங்க ஏறி எறங்கும். ஒருநாள் தப்பு வந்து மூஞ்சி சுருங்குனான், காசிமேட்லேருந்து அப்போ தான் வந்த ஆயா, "அய்ய, இன்னா தப்பு வாசிச்ச, எனுக்கு ஒண்ணும் தெர்லியே"ன்னாங்க. நான் ஆறு மாசம் பேசுனது இந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகல, சத்தியமா.

நவராத்திரிக்கு நம்ம அம்மன் கோயில் கொலு முன்னாடி என்ன ஆச்சுன்னு பாத்தீங்களே. கூப்புடுறதுக்கு முன்னாடி ஆயா சூடா டீ கிளாஸை கையில குடுத்து புடிச்சுக்கோன்னு சொன்னது, விரல் வெறைக்காம இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். மைக் கீச்சுன்னுச்சு, அதே மூணாவது வரியில மறுபடி நின்னான். எனக்கு மூச்சே நின்னுச்சு. அவன் தொடையில தாளம் போட்டுக்கினே ஒரு தாளச் சுத்து சும்மா உக்காந்திருந்து, அடுத்ததுல கரெக்டா சேந்துக்கிட்டான்.

ஆயா, முடியுறதுக்கு முன்னாடியே கை தட்டுனது நீங்க தான்னு அவன் கண்டுபுடிச்சுட்டான். நாளைக்கும் 6 மணிக்கு படிக்கட்டுல தான் இருப்பான், புதுப் பாட்டு. ஆட்டோ அண்ணா, ஹாரன் இல்லன்னா தூக்கம் வருதாம் அவனுக்கு.