மேலே பாரு பல்லி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள், அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது. என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் பிடிக்கிறது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. நேற்று குறுக்குத்துறைக்குப் போயிருந்தேன், படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், உன் ஞாபகம்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பேரன் குளியலறைக் கதவைப் பார்த்தாலே அலறுகிறான், ஒருத்தர் பிடித்துக்கொள்ள ஒருத்தர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏட்டி, பிடித்து அமுக்கிக் குளிப்பாட்டுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடு. இரண்டு நாள் தலைக்கு ஊற்றாமல் உடம்புக்கு மட்டும் ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது. அவனுக்குத் தண்ணீர் பிடிக்காமல் இல்லை, நீயே எழுதியிருக்கிறாய், வாசலில் குழாயைத் திறந்துவிட்டு ஆடுகிறான் என்று. தலைக்கு எப்போது விழும், கண்ணில் எப்போது எரியும், எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பயம்தான்.

எங்கள் பேத்தி சின்னவளுக்கும் இரண்டு வயதில் இதே பாடுதான். ஷாம்பு ஒரு தடவை கண்ணில் இறங்கிவிட்டது, அதற்கப்புறம் செம்பைக் கையில் எடுத்தாலே மருமகளின் சேலைக்குள் ஒளிந்துகொள்வாள். முதலில் போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தோம். வாயைத் திறந்துகொண்டு நின்றாள், அழவில்லை, உண்மைதான். ஆனால் போன் இருக்கும் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள், நாம் ஊற்றுவது தெரியாமல் திடுக்கென்று தண்ணீர் விழ, முன்னைவிட மோசமாகிப்போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, குழந்தையின் கவனத்தைத் திருப்புகிற பாட்டு வேண்டாம், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அதற்குச் சொல்லுகிற பாட்டு வேண்டும். அப்படி ஒன்றை நானே கட்டினேன். கவிதை ஒன்றும் இல்லை, இவ்வளவுதான்:

ஒரு செம்பு காலுக்கு,
ஓடி ஆடின காலுக்கு.
ரெண்டு செம்பு கைக்கு,
மண்ணை அளைஞ்ச கைக்கு.
மூணு செம்பு முதுகுக்கு,
மூட்டை தூக்கும் முதுகுக்கு.

பாட்டில் எந்த இடம் வருகிறதோ அந்த இடத்தில்தான் தண்ணீர். காலில் தொடங்குவது முக்கியம், எடுத்த எடுப்பில் தலைக்குப் போகக் கூடாது. நாலைந்து நாளில் ‘ரெண்டு செம்பு’ என்று நான் நிறுத்தினால் அவளே ‘கைக்கு’ என்று சொல்லிக் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த நிறுத்தம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதே. கடைசிச் சொல்லை நீ விழுங்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திரு. பேச்சு சரியாக வராத பிள்ளைகூட அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும். கால், கை, முதுகு என்று உடம்பின் பெயர்கள் எல்லாம் எங்கள் சின்னவளுக்கு இப்படித்தான் வந்தன. அங்கன்வாடியில் நான் வேலை பார்த்த காலத்தில் கை கழுவுவதற்கும் இதே மாதிரிதான் பாடுவோம். சோப்புப் போட்டு 20 விநாடியாவது தேய்க்க வேண்டும் என்பார்கள், மூன்று வயதுப் பிள்ளைக்கு விநாடி என்ன தெரியும், பாட்டு முடிகிறவரை தேய் என்றால் தெரியும்.

தலைக்குத் தனிப் பாட்டு. அதில்தான் எல்லாமே இருக்கிறது.

மேலே பாரு பல்லி,
மெல்ல வருது பல்லி,
ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி
ஓடிப் போச்சு பல்லி!

‘மேலே பாரு’ என்றதும் அவள் அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பாள், தண்ணீர் நெற்றிக்கு வராமல் பின்னால் வழிந்துவிடும். நெற்றியில் உன் இடது கையை அணை மாதிரி வைத்துக்கொள். ஒண்ணு, ரெண்டு, மூணு, மூன்றே செம்பு. ‘ஓடிப் போச்சு’ என்றால் தண்ணீர் நின்றுவிட வேண்டும். உடனே துண்டு முகத்துக்கு வர வேண்டும். இதில் நான் ஒரு நாள் தப்புச் செய்துவிட்டேன். நுரை சரியாகப் போகவில்லையே என்று பல்லி ஓடிப் போன பிறகும் இரண்டு செம்பு ஊற்றிவிட்டேன். அவள் அழவில்லை, என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் எவ்வளவு பாடியும் அண்ணாக்கவே இல்லை. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. இப்போது நுரை அதிகம் என்றால் முன்னாடியே சொல்லிவிடுவேன், ‘இன்னைக்குப் பல்லி ரெண்டு தடவை வரும்’ என்று. தலையை ஆட்டுவாள். சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள் பிள்ளைகள், சொல்லாமல் செய்தால்தான் பயப்படுகிறார்கள்.

நம் அம்மாக்கள் காலை நீட்டி, அதில் பிள்ளையைப் போட்டுக் குளிப்பாட்டும்போது வாய் ஓயாமல் ஏதாவது ராகம் இழுத்துக்கொண்டேதானே இருப்பார்கள்? கல்லூரியில் பெரியாழ்வார் பாசுரம் படித்தபோது நமக்கு இது புரிந்திருக்காது. கண்ணன் மேலெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக நிற்கிறான், யசோதை எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன், நீராட வாராய் என்று கெஞ்சுகிறாள். அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன் என்கிறாள், இப்படியே நின்றால் நப்பின்னை பார்த்துச் சிரிப்பாள் என்கிறாள். எனக்கு அதில் இப்போது பக்தியைவிட அந்தக் காத்திருப்புதான் பெரிதாகத் தெரிகிறது. பாட்டுக்குப் பாட்டு கூப்பிடுகிறாள், ஒரு இடத்திலும் அடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

அந்தக் காலத்து வழக்கம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது எல்லாம் கூடாது என்று குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள், சரியான பேச்சு அது. அப்புறம் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர், அந்த வரிசை மாறவே கூடாது. முழங்கையை விட்டுப் பார், இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. துண்டு, சட்டை, பவுடர் எதையும் உள்ளே போன பிறகு தேடாதே. பாடிக்கொண்டே இருக்கிறான், சத்தம் கேட்கிறது என்று நம்பி அடுப்பைப் பார்க்க ஒரு நிமிடம்கூட வெளியே வந்துவிடாதே. சின்னப் பிள்ளைகளுக்கு வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலே ஆபத்து, மூழ்கும்போது சத்தமும் வராது. வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடு.

என் பாட்டைப் பாடிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தாய். மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவனுக்கு என் குரல் எதற்கு? தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையதோ அவர் குரல்தான் அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டும். ராகம் சரியாக வராது என்று எழுதாதே, விடுதியில் நீ துணி துவைத்துக்கொண்டே பாடினால் பக்கத்து அறைப் பெண்கள் வந்து நிற்பார்கள், மறந்துவிட்டாயா? உங்கள் வீட்டில் பல்லி இல்லாவிட்டால் ஜன்னலில் வந்து உட்காரும் புறாவை வைத்துக்கொள், அவன் பெயரையும் நடுவில் எங்காவது சேர். முதல் இரண்டு நாள் செம்பில் தண்ணீரே வேண்டாம், வெறும் செம்பை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, உன் தலைக்கு அவன் ஊற்றட்டும், நீ அண்ணாந்து பல்லியைப் பார்.

எங்கள் சின்னவள் இப்போது பொம்மைக்குக் குளிப்பாட்டுகிறாள். நேற்று அது ஐந்தாவது குளியல். மூணு செம்பு முடிந்ததும் சரியாக நிறுத்திவிட்டு, முகத்தைத் துடைத்துவிடுகிறாள்.

தைப் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே? அம்மாவின் வெந்நீர் அண்டா பரண்மேல் இருக்கிறது, இறக்கிப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன். இரண்டு பேரையும் பின்வாசலில் வெயிலில் உட்கார வைத்து, நீ ஒருத்தனுக்கு, நான் ஒருத்திக்கு.

அன்புடன்,
உன் தோழி