மலருக்கு, கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள மலர்,

நீ அனுப்பிய புத்தகப் பார்சல் வந்து சேர்ந்தது. மழையில் ஒரு புத்தகத்தின் அட்டை மட்டும் உப்பிவிட்டது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. இங்கே ஒரு வாரமாக வெயிலே இல்லை. துவைத்த துணி அடுப்படியில்தான் காய்கிறது. மகள் கோயம்புத்தூரில் வேலையில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டித் தினமும் போன் வருகிறது.

கரோலின் கிரியாடோ பெரஸ் 2019-இல் எழுதிய 'இன்விசிபிள் விமன்' என்கிற அந்தத் தடிப் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தேன். பெண்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் உலகத்தைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று துறை துறையாகக் காட்டிக்கொண்டே போகிறார். கார் மோதல் சோதனைக்கு வைக்கிற பொம்மை ஆண் உடம்பு அளவில் இருந்தது என்பதெல்லாம் எனக்குத் தூரத்துச் செய்தி. மருந்து விஷயம் அப்படியில்லை. சோல்பிடெம் தூக்க மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992-இல் அனுமதி கொடுத்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. பெண் உடம்பை விட்டு அது மெதுவாகத்தான் போகும், காலையிலும் மந்தம் தெளியாது என்று பார்த்து, பெண்களுக்குப் பாதியாகக் குறைக்கச் சொன்னது 2013-இல். நமக்கு நர்ஸ் ட்ரெயினிங்கில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? வயசைப் பார், எடையைப் பார், கர்ப்பமா என்று கேள். அதோடு சரி.

அதே புத்தகத்தில் கழிப்பறை பற்றி வருகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம அளவு இடம் ஒதுக்குவது நியாயம் போலத் தெரியும். ஆனால் அதே இடத்தில் ஆண்கள் பக்கம் அதிகம் பேர் நிற்கலாம், பெண்கள் பக்கம் கதவு வைத்த அறைகள்தான். மே மாத சீசனில் ஊட்டிக்கு வருகிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும், அப்பாவும் பையனும் டீ குடித்து முடித்த பிறகும் அம்மா வரிசையில்தான் நிற்பாள்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவு போனது பக்கத்து வீட்டு அக்காவிடம். அவர் தேயிலைத் தோட்டத்தில் இலை எடுக்கப் போகிறவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம். காலையில் பால் இல்லாத வரட்டீ அரை டம்ளர். இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். சாயங்காலம் அது போனபடியே முழுசாகத் திரும்பி வரும். ஏன் அக்கா என்றேன். "குடிச்சா எங்க போறது? மேஸ்திரி மேல நிக்கிறாரு, கீழ காட்டெருமை நிக்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்ட எவ்வளவு நேரம் ஆகும், அதற்குள் எத்தனை கிலோ போய்விடும் என்று அவர் கணக்கு வைத்திருக்கிறார். நீர்க்கடுப்பு என்று என்னிடம் வருகிற பெண்களுக்கு மாத்திரையும் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி என்றும் சொல்லி அனுப்புகிறோமே, எங்கே வைத்துக் குடிப்பாள்? தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே குடிநீர், கழிப்பறை, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் என்று எல்லாம் எழுதிவிட்டது. எழுதியவர்கள் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம்.

"இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களின் கோபம், உன் மலையில் யாருக்கு உதவும்" என்று கேட்டிருந்தாய். கோபம் மட்டும் உள்ள புத்தகங்கள் எனக்கும் சீக்கிரம் சலித்துவிடுகின்றன, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக் காட்டுகிற புத்தகம் வேறு, மலர். கருத்தடையையே எடுத்துக்கொள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15-49 வயதுத் திருமணமான பெண்களில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. ஆணுக்கு அது வயிற்றைத் திறக்காத சின்ன வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பிரசவ வார்டில், பெற்றவளிடம்தான் மாமியார் பேசுவார், நாமும் அவளிடம்தான் பேசுவோம். புருஷன் வெளியே பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பான்.

அமெரிக்காவில் பாஸ்டன் பெண்கள் தொகுத்த 'அவர் பாடீஸ், அவர்செல்வ்ஸ்' புத்தகம்தான் என்னை ரொம்பப் பிடித்துக்கொண்டது. டாக்டர்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒரு பெண்கள் கூட்டம் தாங்களே தேடிப் படித்து, தங்கள் அனுபவத்தையும் சேர்த்து, 1970-இல் 193 பக்கம் மலிவுத் தாளில் அச்சடித்து 75 சென்டுக்கு விற்றார்களாம். மருத்துவம் படிக்காதவர்கள்! நான் முகம் சுளித்துக்கொண்டே திறந்தேன், நர்ஸ் புத்தி. படிக்கப் படிக்க, மாதவிடாய் நிற்கிற காலத்தைப் பற்றி நம் பாடப் புத்தகத்தைவிட இது எவ்வளவோ மேல் என்று பட்டது. இருந்தாலும் ஒரு குறை. அதில் வருகிற உடம்பு பெரும்பாலும் பிரசவ அறையிலோ படுக்கையிலோதான் இருக்கிறது. பாமாவின் 'சங்கதி' நாவலில் பெண்ணின் உடம்பு வேலை செய்கிறது, அடி வாங்குகிறது, தெருவில் நின்று சண்டை போடுகிறது, அப்புறம் பாடவும் செய்கிறது. எனக்கு அதுவும் வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு இலை வெட்டுகிற கத்திரி பிடித்துப் பிடித்து வலது தோள் மேலே தூக்க முடியவில்லை. அதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது?

அதனால் ஒரு காரியம் செய்கிறேன். மாதவிடாய் நிற்கிற காலம் பற்றிய பக்கங்களை எளிய தமிழில் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொழிபெயர்ப்பு இல்லை, இங்கே பெண்கள் சொன்னதையும் சேர்க்கிறேன். உடம்பு திடீரென்று கொதிக்கிறது என்று ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போடுகிற பெண்ணைப் பற்றி பாஸ்டன்காரிகளுக்குத் தெரியாதே. அக்கா கேட்டுவிட்டு இரண்டு இடத்தில், "இப்படி யாரு பேசுவா" என்று மாற்றச் சொன்னார். தூக்கம் வராதது பற்றிய பகுதியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

முதல் பகுதியை இத்துடன் வைத்திருக்கிறேன். மருந்துப் பெயர்களை நன்றாகப் பார். சிவப்பு மையில் திருத்து, ஆனால் தயவு செய்து எனக்குப் புரிகிற கையெழுத்தில் எழுது. உன் எழுத்தைப் படிக்க மருந்துக் கடைக்காரரிடம் போக வைக்காதே.

அன்புடன்,
சாந்தா