எலியாவுக்கு முதலில் கிடைத்தது அடையும் தூக்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு, ஸ்தோத்திரம்.

சபை ஊழியர்களின் சோர்வு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோர்ந்துபோனால் இன்னும் அதிகமாக ஜெபியுங்கள் என்று அது முடிந்திருந்தது. அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு, சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கிப்போகிறார் தீர்க்கதரிசி எலியா. தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டவர் மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தடவை எழுப்பும்போதுதான் பிரயாணம் வெகுதூரம் என்ற பேச்சே வருகிறது. ஓரேப் மலையில் தேவனுடைய அந்த மெல்லிய சத்தத்தைக் கேட்க, அதற்கப்புறம் இன்னும் 40 நாள் நடக்க வேண்டியிருந்தது.

நான் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் எனக்கு ஓய்வே கிடையாது. காலையில் வகுப்பு, ஆராதனை, பிறகு பாடல் பயிற்சி, கமிட்டி, சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். ஒரு ஞாயிறு இரவு 23-ஆம் சங்கீதத்தை வாசிக்க உட்கார்ந்தேன். 'அமர்ந்த தண்ணீர்கள்' என்ற இடத்துக்கு வந்ததும் கண் சொருகும், திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குவேன். நாலு தடவை இப்படி. என் பக்தி குறைந்துவிட்டது என்று நினைத்து அன்று அழுதேன். உடம்பு கெஞ்சியது என்று இப்போதுதான் புரிகிறது.

ஓய்வுநாள் கட்டளைக்கு யாத்திராகமம் 20 படைப்பைக் காரணம் காட்டுகிறது. உபாகமம் 5-ஓ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும் என்கிறது. மாடும் கழுதையும்கூட அந்தக் கணக்கில் உண்டு. நம் போதகருக்கும், கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் வாரத்தில் எந்த நாள் அது?

ஜனங்களின் தேவை பெரிது, ஓய்வெடுத்தால் எப்படி என்பார்கள். நியாயமான கேள்விதான். மாற்கு 6-இல் சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களைச் சற்றே இளைப்பாறும்படி இயேசு அழைக்கிறார். அங்கும் கூட்டம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. அவர் மனதுருகிப் போதிக்கிறார், 5,000 பேரைப் போஷிக்கிறார். ஆனால் அன்று சாயங்காலமே ஜனங்களை அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலைக்குப் போய்விடுகிறார். அனுப்பிவிடுவதும் ஊழியத்தின் ஒரு பகுதிதான் என்று நான் நம்புகிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலமாவது எந்தக் கூட்டமும் வைக்க வேண்டாம் என்று எங்கள் சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றிருக்கிறார்கள். மற்ற சபைகளில் இப்படி யாராவது செய்து பார்த்திருந்தால், தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை