உயரம் அளந்து பிள்ளைகளை விலக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தென்கொரியாவின் கரப்பந்தாட்ட வீராங்கனை கிம் யோன்-கூங் 2025 ஏப்ரலில் தமது கடைசிப் போட்டித் தொடரை வென்று ஆடுகளத்திலிருந்து விடைபெற்றார். கரப்பந்தாட்டம் நம் நாட்டின் தேசிய விளையாட்டு. ஆவரங்கால் போன்ற ஊர்களில் மாலையானதும் வலை கட்டி, ஓவர்கேம், செற்றப் என்று இருவகை ஆட்டத்தையும் ஆடிப் பழகிய மண் இது. இருந்தும் அந்த வீராங்கனையின் இருபது ஆண்டுகால விளையாட்டு வாழ்வு நம்மிடையே போதிய அளவு பேசப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளை அணிக்குத் தெரிவு செய்பவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1988இல் அன்சான் நகரில் பிறந்த கிம், மூத்த சகோதரி விளையாடுவதைப் பார்த்து ஆரம்பப் பாடசாலையிலேயே பந்தைத் தொட்டவர். பின்னாளில் 192 சென்ரிமீற்றர் உயரத்துக்கு வளர்ந்த அவர், பதின்ம வயதின் தொடக்கத்தில் அணியின் குட்டையான பிள்ளைகளுள் ஒருவராகவே இருந்தார். அடித்தாட்டக்காரியாக எவரும் அவரை எண்ணவில்லை. பெரும்பாலும் மாற்று வீராங்கனையாக வாங்கில் இருந்தார். களமிறக்கப்பட்டபோது பந்தை ஏற்றுக் கொடுக்கவும் தூக்கிக் கொடுக்கவும் பின்வரிசையைக் காக்கவுமே பணிக்கப்பட்டார். இந்த விளையாட்டையே கைவிட்டுவிடலாமா என்று யோசித்த காலமும் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் அணியிலிருந்து விலக்கப்படவில்லை. உயர்நிலைப் பாடசாலை ஆண்டுகளில் மளமளவென்று வளர்ந்தபோது, குட்டைப் பிள்ளையாகக் கற்ற அத்தனையும் அவரது கைகளில் இருந்தன.

அதன் பெறுமதியை ஆட்டத்தை ஊன்றிப் பார்ப்பவர்களால்தான் உணர முடியும். கிம்மைப் போல இடது முனையிலிருந்து அடிப்பவரை நோக்கியே எதிரணி வேண்டுமென்று சேர்வ் செய்யும். அவர் முழங்கால்களை மடித்து, இரு முன்கைகளையும் ஒன்றாக நீட்டி, பந்தைச் செற்றரின் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவரின்) தலைக்கு மேலே சரியாக அனுப்ப வேண்டும். உடனேயே பின்வாங்கி, ஓடிவந்து எழும்பி, அதே பந்தை அடிக்கவும் வேண்டும். உயரமான பல வீராங்கனைகள் முதல் வேலையிலேயே தடுமாறுவதால் அவர்களது அடி பிறக்கும் முன்னரே ஓய்ந்துவிடுகிறது. கிம்மிடம் அந்தக் குறை இருக்கவில்லை. உலகக் கழகங்கள் அவரை விரும்பி அழைத்ததற்கு அவரது உயரத்தை விடவும் இதுவே பெரிய காரணம் என்பது என் துணிபு.

2005இல் கொரியாவின் ஹூங்குக் லைஃப் கழகத்தில் சேர்ந்த முதற் பருவத்திலேயே சிறந்த புதுமுகம், மிகப் பெறுமதிமிக்க வீராங்கனை என்ற இரு விருதுகளும் அவருக்குக் கிடைத்தன. பிறகு ஜப்பானில் இரண்டு பருவங்கள். 2011இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே கழகம் அழைத்தது. மறு ஆண்டே அக்கழகம் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக்கை வென்றபோது தொடரின் சிறந்த வீராங்கனையாகக் கிம் தெரிவானார். அதே 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் கொரியா வெண்கலப் போட்டியில் ஜப்பானிடம் தோற்று நான்காமிடமே பெற்றது. ஆயினும் 207 புள்ளிகளை எடுத்த கிம்மே அத்தொடரின் மிகப் பெறுமதிமிக்க வீராங்கனையாக அறிவிக்கப்பட்டார். பதக்கமின்றித் திரும்பும் அணியிலிருந்து ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைப்பது எத்தனை அரிது என்பதை விளையாட்டை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடையில், அவர் எந்தக் கழகத்துக்கு உரியவர் என்ற பிணக்கு சர்வதேசச் சம்மேளனம் வரை சென்றது. 2020இல் தாய்நாட்டுக் கழகத்துக்குத் திரும்பியபோது, சக வீராங்கனைகளின் சம்பளம் பாதிக்கப்படாதிருக்கத் தமக்குரியதில் கணிசமான பகுதியை விட்டுக்கொடுத்தார். 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானையும் துருக்கியையும் ஐந்து செற்களில் வென்ற கொரியா மீண்டும் நான்காமிடம் பெற்றது; அத்துடன் அவர் தேசிய அணியிலிருந்து விலகினார். தொடக்கத்தில் குறிப்பிட்ட 2025இன் கடைசித் தொடரின் ஐந்தாவது போட்டியும் ஐந்து செற் வரை நீண்டது. முப்பத்தேழு வயதில் அன்று அவர் எடுத்தவை 34 புள்ளிகள்.

இனி நம் நிலைமைக்கு வருகிறேன். பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றியவள் என்ற முறையில், தெரிவு நாளன்று சில மைதானங்களில் நடப்பதைக் கண்டிருக்கிறேன். சுவரில் சோக்கினால் ஒரு கோடு கீறப்படும். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகள் ஒவ்வொருவராகச் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். தலை கோட்டைத் தொடாதவர்கள், ஒரு பந்தையேனும் ஏற்றுக் காட்டுமுன்பே, பந்து பொறுக்க அனுப்பப்படுவார்கள். அடுத்த கிழமை அவர்களிற் பலர் வருவதில்லை. சாதாரண தரப் பரீட்சையும் பின்னேர ரியூசனும் நெருங்கும்போது, ஏற்கெனவே மனம் விட்டுப்போன பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பப் பெற்றோரும் முன்வருவதில்லை. அந்த வயதில் ஒரு பெண் பிள்ளை இன்னும் எவ்வளவு வளர்வாள் என்பதை அந்தக் கோடு சொல்லாது. வளராமலே போனாலும், 1998 முதல் இவ்விளையாட்டில் லிபரோ என்று, அடிக்காமல் பின்வரிசையில் பந்தை ஏற்றுக் காப்பவருக்கென்றே ஓர் இடம் முறைப்படி இருக்கிறது. செற்றருக்கும் உயரத்தைவிடக் கையின் பதமே முக்கியம்.

உயரம் வேண்டாமென்று நான் வாதிடவில்லை. ஈவினையில் பிறந்து 208 சென்ரிமீற்றர் வளர்ந்த தர்ஜினி சிவலிங்கம், இலங்கை வலைப்பந்தாட்ட அணி 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனாக எவ்வளவு துணைநின்றார் என்பதில் நம் எல்லோருக்கும் பெருமையுண்டு. உயரமான பிள்ளையை மட்டும் தேடுவதும், தேடிக் கண்டபின் அவளுக்கு அடிக்க மாத்திரம் பழக்கிப் பந்தை ஏற்கப் பழக்காமல் விடுவதும்தான் என் மனத்தை உறுத்துகின்றன.

ஆகவே 16 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவிலாவது, உயரம் பாராது விருப்பமுள்ள அனைவரையும் ஓர் ஆண்டு முழுவதும் பயிற்சியில் வைத்திருக்கவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்றல், தூக்கிக் கொடுத்தல், அடித்தல் ஆகிய மூன்றையும் பழக்கவும் வலயக் கல்வி அலுவலகங்களின் விளையாட்டுப் பொறுப்பாளர்கள் அறிவுறுத்த வேண்டும். இதற்குப் புதிய மைதானமோ பெருந்தொகை நிதியோ தேவையில்லை. இன்னும் நாலைந்து பந்துகளும் ஆசிரியரின் பொறுமையும் போதும். தங்கள் பத்திரிகையும் பெண்கள் போட்டிகளைப் பற்றி எழுதும்போது, புள்ளி எடுத்தவரின் பெயரோடு பந்தை நன்றாக ஏற்றவரின் பெயரையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
உரும்பிராய்.