சொந்த ஃபோனில் ஒஃபிஸ் மெயில்: மலையக நிறுவனங்களின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கும் தகவல் தொழினுட்பப் பொறுப்பாளர்களுக்கும்,

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பசறை போன்ற ஊர்களில் ஃபோன் திருத்துவதும் அலுவலகங்களுக்குக் கணினி வேலை செய்து கொடுப்பதும் எங்கள் தொழில். தோட்ட வெளிக்கள உத்தியோகத்தர்கள், சிறுவர் அபிவிருத்தி நிலையப் பொறுப்பாளர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் எல்லோரிடமும் ஒரு முகவரியையும் ஒரு பாஸ்வேர்டையும் மட்டும் கொடுத்து, ஒஃபிஸ் மெயிலைச் சொந்த ஃபோனில் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். மெயில் ஏறாவிட்டால் “இவருக்கு ஃபோன் பாவிக்கத் தெரியாது” என்று பேச்சு வருகிறது. கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. அதை விளக்கவே எழுதுகிறோம்.

“பாஸ்வேர்ட் தவறு” என்று திரையில் வருவதை அப்படியே நம்பாதீர்கள். உங்கள் மெயில் மைக்ரோசொஃப்ட் 365இல் இருந்தால், பெயரையும் பாஸ்வேர்டையும் நேரடியாகக் கொடுத்து உள்நுழையும் பழைய முறையை அந்த நிறுவனம் 2022 ஒக்டோபரிலிருந்து படிப்படியாக நிறுத்திவிட்டது. ஃபோனில் எக்கவுண்டைச் சேர்க்கும்போது ஐமெப் (IMAP, மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் பொதுவான முறை) வகையைத் தெரிவுசெய்து சரியான பாஸ்வேர்டைப் போட்டாலும் தவறு என்றுதான் சொல்லும். எக்ஸ்சேஞ்ச் (Exchange, மைக்ரோசொஃப்டின் சொந்த மெயில் முறை) வகையைத் தெரிவுசெய்ய வேண்டும். அப்போது மைக்ரோசொஃப்டின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும்; பாஸ்வேர்டைக் கொடுக்கவேண்டிய இடம் அதுதான். பழைய முறையில் முன்பே ஏற்றிய எக்கவுண்ட் இருந்தால் அதை அகற்றிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகும் “நிர்வாகியின் அனுமதி தேவை” என்று வந்தால் பணியாளரோ நாங்களோ செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தச் செயலிக்கு உங்கள் நிர்வாகப் பக்கத்தில் நீங்கள்தான் அனுமதி கொடுக்க வேண்டும்.

சொந்த டொமைனை (நிறுவனத்தின் இணையப் பெயரை) வாடகை சேர்வரில் வைத்திருக்கும் சிறிய நிறுவனங்களில் சிக்கல் வேறு. உள்வரும் மெயிலுக்கு ஐமெப், போர்ட் (சேர்வரின் இணைப்பு வாசல் எண்) 993, எஸ்.எஸ்.எல் (SSL, இணைப்பை மறைகுறியாக்கும் பாதுகாப்பு). வெளிச்செல்வதற்கு 465 என்றால் எஸ்.எஸ்.எல், 587 என்றால் ஸ்டார்ட்-டி.எல்.எஸ் (STARTTLS, அதே போன்ற இன்னொரு பாதுகாப்பு வகை). யூசர்நேம் பெரும்பாலும் முழு மின்னஞ்சல் முகவரியாக இருக்கும். பெயரை மட்டும் போட்டால் ஏற்காது. மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் முதலில் வெளிச்செல்லும் சேர்வருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்வரின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் ஃபோனின் திகதியும் நேரமும் சரியா என்று பார்த்துவிட்டு, பிறகு சேர்வர் பெயரைப் பாருங்கள். சான்றிதழ் வாடகை நிறுவனத்தின் பெயரில் இருக்கையில் உங்கள் டொமைன் பெயரைக் கொடுத்தால் இரண்டும் பொருந்தாது. “எப்படியாவது தொடரு” என்று அழுத்தச் சொல்லிக் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாக வழங்கும் சான்றிதழ் என்றால், அன்ட்ரொய்ட் 7.1.1க்கு முந்திய ஃபோன்கள் அதை உறுதிப்படுத்தும் இன்றைய மூலச் சான்றிதழை அறியாது. அந்த ஃபோனை வைத்திருப்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும் ஒரு ஃபோன் இருந்தால், பல சேர்வர்கள் அந்த ஃபோன் பாவிக்கும் இணைய இணைப்பின் ஐ.பி. எண்ணையே (IP) பூட்டிவிடும். அந்த ஃபோன் ஒஃபிஸ் வைஃபையில் இருந்தால் அங்குள்ள கணினிகளிலும் மெயில் நின்றுவிடும். வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதில் வேலை செய்தால் காரணம் அநேகமாக இதுவே. பாஸ்வேர்டை மாற்றுகிற அன்றே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் இது நடக்காது. இன்னொன்று: ஒஃபிஸ் கணினி பொப் முறையில் (POP, மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் முறை) மெயிலை இழுத்து, சேர்வரில் பிரதி வைக்காமல் அழித்துவிட்டால், ஃபோனில் பெட்டி வெறுமையாகத்தான் இருக்கும். கணினியையும் ஐமெப்புக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் அதில் உள்ள மெயில்களுக்கு பேக்கப் எடுங்கள்.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது அனுமதிகள் பற்றிய விடயம். சில மெயில் செயலிகளில் எக்ஸ்சேஞ்ச் எக்கவுண்டைச் சேர்க்கும்போது “சாதனத்தின் எல்லாத் தரவையும் அழிக்க” நிர்வாகிக்கு அதிகாரம் கேட்கும். ஆங்கிலத்தில் வரும் அந்தப் பக்கத்தை வாசிக்காமலே பலர் சம்மதிக்கிறார்கள். பிள்ளையின் படங்கள், வங்கிச் செயலி, வெளிநாட்டில் வேலை செய்யும் மனைவியின் குரல் பதிவுகள் எல்லாம் அந்த ஒரே ஃபோனில்தான் இருக்கின்றன. அதை முழுதாக அழிக்கும் அதிகாரம் ஒரு நிறுவனத்துக்குத் தேவையில்லை. அவுட்லுக் செயலியைப் பாவித்தால், நிர்வாகி அழிக்கும் கட்டளை அனுப்பினாலும் அந்தச் செயலிக்குள் உள்ளது மட்டுமே போகும். அன்ட்ரொய்டில் வேலைக்கெனத் தனிப் பிரிவு அமைக்கலாம். அதற்கு வெளியே உள்ள படங்களோ வட்ஸ்அப்போ நிறுவனத்துக்குத் தெரியாது. இவற்றில் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பதும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுக்கு (பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் குறியீட்டுக்கு) எஸ்.எம்.எஸ்ஸை மட்டும் வைக்காதீர்கள். பள்ளத்தில் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் கிடைக்காமல், குறியீடு காலாவதியான பிறகு வந்து சேரும். ஒதென்டிகேட்டர் செயலியில் 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீடு இணைப்பே இல்லாமலும் கிடைக்கும். ஃபோனின் நேரம் தானாகச் சரியாகும்படி வைத்திருந்தால் போதும். ஃபோன் உடைந்தால் புதிதாகப் பதிய யாரிடம் பேசுவது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சமூக வலைத்தளங்களுக்கு மட்டுமான டேட்டா பெக்கேஜ் போட்டிருப்பவருக்கு வட்ஸ்அப் ஓடும், மெயில் வராது. “வட்ஸ்அப்பில் ஒன்லைனில் இருந்தீர்களே, ஏன் மெயில் பார்க்கவில்லை?” என்று கேட்பது நியாயமில்லை. வேலைக்காகச் செலவாகும் டேட்டாவுக்கு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும். டேட்டா இருந்தும் மெயில் தாமதித்தால், பெட்டரி சேமிப்புக்காக ஃபோன் அந்தச் செயலியை உறங்கவைக்கிறதா என்று பார்த்து, அதற்கு மட்டும் விலக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆகவே பாஸ்வேர்டைக் கொடுக்கும் முன் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தச் செயலி, எந்த வகை எக்கவுண்ட், சேர்வர் பெயர், போர்ட், யூசர்நேம், எதற்கெல்லாம் அனுமதி கேட்கும், சிக்கல் என்றால் யாருக்கு அழைப்பது என்பவை அதில் இருக்கட்டும். பாஸ்வேர்டை அந்தத் தாளில் எழுத வேண்டாம். வேலையை விட்டுப் போகிறவரின் எக்கவுண்டை மூடும் நாளை அவருக்கு முன்கூட்டியே அறிவித்து, மெயிலை மட்டும் அகற்றுங்கள். ஸ்மார்ட்ஃபோன் இல்லாதவருக்கும், சொந்த ஃபோனில் போட விரும்பாதவருக்கும் ஒஃபிஸ் கணினியில் மெயில் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். அதைக் காரணம் காட்டி எவருடைய வேலையிலும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மலையக நகரங்களில் ஃபோன், கணினித் தொழில் செய்வோர்